மண்ணை விற்காமல் புல் விற்க

வயலில் லான் புல் வளர்த்து விற்பவர்கள் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். மண்வெட்டியால் கட்டம் கட்டமாக வெட்டி எடுக்கும்போது புல்லோடு ஒன்றரை செ.மீ. மேல்மண்ணாவது போய்விடும். ஒரு ஏக்கருக்கு அது 60 கன மீட்டர், நம் கணக்கில் 21 யூனிட் (யூனிட்டுக்கு 100 கன அடி) மண். ஒவ்வொரு அறுவடைக்கும் இவ்வளவு. பொள்ளாச்சிப் பக்கம் எங்கள் நிலத்தில் சில வருடம் இப்படி வெட்டியதில் வயல் வரப்பைவிட எவ்வளவு இறங்கிவிட்டது என்பது பார்த்தாலே தெரிந்தது. புல்லை மட்டும் விற்க வழி இருக்கிறதா என்று தேடித்தான் பிளாஸ்டிக் ஷீட் மேல் வளர்க்கும் முறைக்கு வந்தேன். அமெரிக்காவில் முன்பே ஆராய்ந்து பார்த்த முறை இது.

நான் வளர்ப்பது டிஃப்வே 419. ஜார்ஜியா மாநிலத்து டிஃப்டனில் கிளென் பர்ட்டன் என்ற பயிர் விஞ்ஞானி உருவாக்கி 1960இல் வெளிவந்த ரகம். நம்மூர் அருகம்புல்லும் ஆப்பிரிக்க அருகும் கலந்த வீரிய ஒட்டு. இந்தப் புல்லில் குரோமோசோம் மூன்று தொகுதியாக இருப்பதால் விதை பிடிக்காது. கணுவோடு தண்டை நறுக்கித்தான் பெருக்க வேண்டும். அதனால் நாட்டு அருகு கொஞ்சம் கலந்தாலும் தரம் போச்சு; தாழ வெட்டியதும் நிறமும் இலை அகலமும் மாறித் திட்டுத்திட்டாகத் தெரியும். ஷீட் போட்டதில் இந்தத் தொல்லை பெருமளவு குறைந்தது. அடியிலிருந்து அருகு மேலே வர முடியாது.

தரையைச் சமன் செய்து, மழைநீர் வடிய லேசான சரிவு கொடுத்து, கனமான கறுப்பு ஷீட்டை விரிக்கிறோம். அதன் மேல் 3 செ.மீ. அளவுக்கு மக்கிய தென்னை நார்க்கழிவும் மணலும் கலந்த கலவை. எங்கள் பக்கம் நார்க்கழிவுக்குப் பஞ்சமில்லை. ஆனால் அப்படியே போடக் கூடாது. முதலில் நல்ல தண்ணீரில் அலசி உப்பை இறக்க வேண்டும். அப்புறம் யூரியாவும் சிப்பிக் காளான் வித்தும் போட்டு, அது கறுத்து எடை குறையும்வரை மக்கவிட வேண்டும். மக்காத நார்க்கழிவு தழைச்சத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், புல் வெளுத்துப்போகும். இந்த முறையில் பாதி வேலை இதுதான். இதை ஒழுங்காகச் செய்தால் மற்றதெல்லாம் சுலபம்.

தண்டுகளைத் தூவி, மேலே மெல்லிய கலவை போட்டு, உருளையால் அழுத்தித் தண்ணீர் தெளிக்கிறோம். கீழே போக வழியில்லாத வேர்கள் ஷீட் மீது பக்கவாட்டில் ஓடி ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். மண்ணில் வெட்டும் புல்லில் வேரின் பெரும்பகுதி வயலிலேயே தங்கிவிடும். இதில் அடியில் வேர் அறுபடுவதில்லை. கத்தியால் பட்டைபட்டையாகக் கீறி, பாய் சுருட்டுவதுபோல் சுருட்டிவிடலாம். போட்ட இடத்திலும் சீக்கிரம் பிடிக்கும். எடை குறைவு என்பதால் ஏற்றுக்கூலியும் குறைவு.

கஷ்டம் கோடையில்தான். கலவை மெல்லியது, ஷீட்டும் சுடும். ஒரே தடவை நிறையத் தண்ணீர் விடுவதால் பயனில்லை. ஸ்பிரிங்க்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகப் பகலில் பல தடவை விட வேண்டும். உரமும் அப்படித்தான், நீர்த்த கரைசலாக அடிக்கடி. மின்சாரம் நிலையாக இல்லாத இடத்தில் ஏப்ரல், மே மாதங்களில் இதைத் தொடங்க வேண்டாம் என்றே சொல்வேன். தென்னைக்கு இடையில் போடலாமா என்று பலர் கேட்கிறார்கள். இந்தப் புல்லுக்கு முழு வெயில் வேண்டும், நிழலில் மெலிந்துவிடும்.

வெட்டித் தேய்ந்த பழைய வயலில் இப்போது பசுந்தாள் உரத்துக்காகத் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறோம்.

விற்பனையில் ஒரு மாற்றம் செய்தே ஆக வேண்டும். வயலில் இருக்கும் புல் ஆர்டர் வரும்வரை காத்திருக்கும். ஷீட்டில் வளர்ந்தது, பின்னி முடிந்த பிறகு அதிக நாள் தாங்காது. அதனால் அளவு பேசி, முன்பணம் வாங்கிய பிறகே தண்டு தூவுகிறேன்.