மூன்று ரூபாய் வட்டியிலிருந்து எழுபது பைசா வரை

2021 பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் எல்லாம் கிளம்பிப் போன இரவு. பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். இவர் சமையலறை வாசலில் வந்து நின்று, "வெளியில ஒரு லட்சம் வாங்கியிருக்கேன். மூணு வட்டி. எட்டு மாசம் ஆச்சு" என்றார். எனக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் எதுவும் பேச முடியவில்லை. எட்டு மாதமாக அதை மனதில் வைத்துக்கொண்டு என்னோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

நாங்கள் திருப்பூர். இவர் ஒரு பனியன் கம்பெனியில் சூப்பர்வைசர், நான் ஒரு சாயப்பட்டறை அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கம்பெனிக் கணக்கு நாள் முழுக்க டாலி மென்பொருளில் ஓடும். வீட்டுக் கணக்கை ஒருநாளும் எழுதியதில்லை. மாதம் பிறந்தால் எதை எதைக் கட்ட வேண்டும் என்பது இரண்டு பேருக்கும் பாதி பாதி தெரியும், அவ்வளவுதான்.

மறுநாள் காலை அத்தையிடம், அதாவது என் மாமியாரிடம், எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவர். தறி ஓட்டியும் மாடு வைத்தும் மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். திட்டுவார் என்று நினைத்தேன். "ஒரு நோட்ட எடு அம்மணி. ஒவ்வொண்ணுக்கும் எத்தன ரூபா வட்டின்னு மட்டும் எழுது. மத்தது அப்புறம் பாக்கலாம்" என்றார்.

எங்கள் பக்கம் வட்டியை வருஷ சதவீதத்தில் யாரும் பேச மாட்டார்கள். நூறு ரூபாய்க்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான் பேச்சு. வங்கி ஒரு விதமாகச் சொல்கிறது, வண்டிக் கடன் கொடுத்தவர் இன்னொரு விதமாக, கார்டு கம்பெனி வேறொரு விதமாக. எல்லாவற்றையும் அத்தையின் கணக்குக்கு மாற்றியபோதுதான் நாங்கள் எங்கே நிற்கிறோம் என்று தெரிந்தது.

கைமாற்று ஒரு லட்சம், மூன்று ரூபாய். நகைக்கடன் 2,20,000, ஒரு ரூபாய். வண்டிக்கடன் ஒரு லட்சம், அதை "வருஷம் 12 சதவீதம், ஃபிளாட்" என்று சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அதையும் ஒரு ரூபாய் என்றே நினைத்திருந்தேன். உட்கார்ந்து போட்டுப் பார்த்தால் அது ஏறக்குறைய ஒன்றே முக்கால் ரூபாய். மாதா மாதம் அசல் குறைந்துகொண்டே வர, அவர்கள் கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போட்டிருக்கிறார்கள். கடன் வாங்கப் போகிற எவரும் "ஃபிளாட்டா, குறையும் இருப்புக்கா?" என்ற ஒரே ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டால் போதும்.

கிரெடிட் கார்டு 1,40,000 நிலுவை. அதன் வட்டி மாதம் மூன்றரை சதவீதம். அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி. சேர்த்தால் நான்கு ரூபாய் பதின்மூன்று பைசா. நோட்டில் அதை எழுதிவிட்டு இரண்டு தடவை சரிபார்த்தேன். வெளியில் தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்து இவர் ஒளித்து வைத்த கைமாற்றைவிட, கடையில் நான்கு பேர் முன்னால் எடுத்து நீட்டிய அட்டைக்கு வட்டி அதிகம். மாதம் 7,000 கட்டிவந்தோம். அதில் 5,782 ரூபாய் வட்டிக்கும் வரிக்கும் போய்விடும். கடனில் குறைவது ஆயிரத்து இருநூறு சொச்சம். ஊரடங்கில் கம்பெனி மூடிக் கிடந்தபோது மளிகைக்கும் மருந்துக்கும் தேய்த்தது, அப்புறம் நிற்கவே இல்லை.

கடைசியாக வீட்டுக்கடன், எழுபது பைசா. எல்லாவற்றிலும் குறைந்த வட்டி, ஆனால் தொகை பெரியது. 2017-இல் 18 லட்சம், இருபது வருஷம், 8.5 சதவீதம், மாதம் 15,621. மூன்று வருஷம் ஒரு மாதம்கூடத் தவறாமல் கட்டியதில் அசல் குறைந்தது 1,17,000 ரூபாய்தான். 2020 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை ரிசர்வ் வங்கி கொடுத்த சலுகையில் தவணையை நிறுத்தி வைத்தோம். அந்த ஆறு மாத வட்டி எழுபதாயிரத்துக்கு மேல் அசலோடு சேர்ந்துவிட்டது. அந்தச் சமயத்தில் எங்களுக்கு வேறு வழி இல்லை என்பதும் உண்மை. ஆனால் தள்ளிவைத்தது தவணை மட்டும்தான், வட்டி நிற்கவில்லை என்பது எங்களுக்கு அப்போது உறைக்கவில்லை.

எல்லாம் கூட்டினால் மாதம் 31,599 ரூபாய் கடனுக்கே. இரண்டு பேர் சம்பளமும் சேர்த்து 46,000.

முதலில் கார்டு. அதை அடைக்க என்னிடம் இருந்தது ஒன்றுதான். அடகுக்குப் போகாமல் பீரோவில் மிஞ்சியிருந்த நாலு பவுன் ஆரம், என் அப்பா போட்டது. விற்பதற்கு எனக்கு மனசே வரவில்லை. அடகு வைத்தால் என்றைக்காவது திரும்பி வரும், விற்றால் போனது போனதுதான். பத்து நாள் தள்ளிப்போட்டேன். அந்தப் பத்து நாளில் கார்டு கம்பெனி சார்பில் ஒருவர் அழைத்து, 90,000 கட்டினால் முடித்துக்கொள்ளலாம் என்றார். இவருக்கு ஆசை வந்தது. எங்கள் அலுவலக ஆடிட்டர்தான் தடுத்தார். அப்படி முடித்தால் நம் கடன் வரலாற்றைக் காட்டும் சிபில் அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும், நாளைக்கு எந்த வங்கிக்குப் போனாலும் அது கண்ணில் படும் என்றார். சரி என்று ஆரத்தை விற்றோம். கழிவு போகக் கைக்கு வந்தது 1,44,000. முழுத் தொகையையும் கட்டி, பாக்கி இல்லை என்று கடிதம் வாங்கிய பிறகுதான் கார்டை வெட்டினேன்.

விற்றது தவறோ என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அன்றைக்குப் பவுன் 37,000 சொச்சம். 2025 அக்டோபரில் 90,000-ஐத் தாண்டியது. தங்கம் இரண்டரை மடங்கு. அதே நாலே முக்கால் வருஷம் அந்தக் கார்டு நிலுவை கட்டாமல் ஏறியிருந்தால் கணக்குப்படி பத்து மடங்கு. இதைப் போட்டுப் பார்த்த அன்றுதான் எனக்கு அந்த ஆரத்தின் நினைப்பு ஆறியது.

கார்டு போனதும் மாதம் 7,000 மிச்சம். அதில் 5,000-ஐப் பதிவு பெற்ற ஒரு கம்பெனியில் ஒரு லட்ச ரூபாய் ஏலச்சீட்டில் போட்டேன். மீதி இரண்டாயிரத்தை என்ன செய்வது என்பதில்தான் வீட்டில் பெரிய வாக்குவாதம். இவர், "மூணு ரூபா வட்டி ஓடிட்டு இருக்கு, இதுல சேமிப்பு எதுக்கு? எல்லாத்தையும் கடனுக்கே போடலாம்" என்றார். கணக்கில் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி, இப்போதும் அதை ஒப்புக்கொள்கிறேன். அத்தை ஒரே வார்த்தைதான் கேட்டார்: "கடன் தீர்ற வரைக்கும் புள்ள வளராம நிக்குமா?"

மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் பெயரில் தபால் நிலையத்தில் செல்வமகள் கணக்கு திறந்தேன், மாதம் ஆயிரம். பத்து வயதுக்குள் திறந்துவிட வேண்டும், பதினைந்து வருஷம் கட்ட வேண்டும், கணக்கு திறந்து இருபத்தொரு வருஷத்தில் முதிரும், பதினெட்டு வயதானதும் படிப்புக்குப் பாதி வரை எடுக்கலாம். அன்றைக்கு வட்டி 7.6 சதவீதம், 2024-இல் 8.2 ஆனது. இன்னொரு ஆயிரம் ஆர்டியில், அதாவது மாதா மாதம் கட்டும் தொடர் வைப்பில், அவசரத்துக்கு. திடீரென்று பிள்ளைக்குக் காய்ச்சல், மோட்டார் ரிப்பேர் என்று வந்தால் மறுபடி யாரிடமாவது போய் நிற்பதுதான் எங்கள் வழக்கம். கையில் பத்தாயிரம் இருந்திருந்தால் வாங்கியே இருக்க வேண்டாத கடன் எத்தனை என்று நோட்டைப் பார்த்தபோது புரிந்தது.

அந்த வருஷம் தீபாவளி நவம்பர் 4. அதற்கு முந்தின ஏலத்தில் சீட்டை 82,000-க்கு எடுத்தோம். இவருடைய போனஸிலிருந்து 18,000 சேர்த்து, கைமாற்றை முழுதாகக் கொடுத்துப் பத்திரத்தைத் திருப்பி வாங்கினோம். வரும் வழியில் இவர் வண்டியை ஓரம் கட்டி, அந்தப் பத்திரத்தை நாலாகக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டார். அன்று இரவு அவர் அசந்து தூங்கினார், நான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கிடையில் ஆடிட்டர் சொல்லித்தான் வீட்டுக்கடனையும் கவனித்தேன். எங்களுடையது, வங்கி தன் செலவை வைத்துத் தானே வட்டி போடும் பழைய எம்சிஎல்ஆர் கணக்கில் இருந்தது. 2019 அக்டோபருக்குப் பிறகு கடன் வாங்கியவர்களுக்கு ரெப்போ வட்டியோடு, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியோடு, இணைத்துக் கொடுத்திருந்தார்கள். கடிதம் எழுதிக் கொடுத்து, சில ஆயிரம் கட்டணம் கட்டி நாங்களும் மாறினோம். 8.5 சதவீதம் 7.1 ஆனது. தவணையைக் குறைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டோம். அதனால் 2036-லேயே கடன் முடியும் என்று காட்டியது.

ஆனால் 2022 மே மாதத்திலிருந்து ரெப்போ ஏற ஆரம்பித்தது. 4 சதவீதம் இருந்தது 2023 பிப்ரவரிக்குள் 6.5. எங்கள் தவணை மட்டும் அதே 15,621. ஏறவில்லையே என்று நிம்மதியாக இருந்தோம். மார்ச்சில் ஸ்டேட்மென்ட் எடுத்துப் பார்த்தால் கடைசித் தவணை 2041 என்று போட்டிருந்தது. தவணையை அப்படியே வைத்துவிட்டு ஐந்து வருஷத்தை நீட்டிவிட்டார்கள். எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. வங்கிக்குப் போய்க் கேட்டதற்கு, எல்லோருக்கும் இப்படித்தான் என்று பதில். தவணையை 18,500 ஆக்கித் தரச் சொல்லி எழுதிக் கொடுத்தோம். 2035-க்கு வந்து நின்றது. மாதம் 2,879 ரூபாய் கூடுதல், ஆறு வருஷம் மிச்சம். அதே ஆண்டு ஆகஸ்டில்தான் ரிசர்வ் வங்கி, இப்படி வட்டி மாறும்போது கடன் வாங்கியவரிடம் தெரிவித்து, தவணையைக் கூட்டுவதா காலத்தை நீட்டுவதா என்று அவரையே தேர்ந்தெடுக்க விட வேண்டும் என்று உத்தரவிட்டது. வீட்டுக்கடன் வைத்திருப்பவர்கள் தயவுசெய்து வருஷம் ஒரு தடவையாவது கடைசித் தவணைத் தேதியைப் பாருங்கள்.

நகைகள் மூன்று ரசீதில் இருந்தன. சின்னது 2022 கடைசியில் வந்தது. வண்டிக்கடனும் சீட்டும் முடிந்த பிறகு, அடுத்த தீபாவளிக்கு இரண்டாவது. மூன்றாவது என் தாலிக்கொடி.

2020 ஜூனிலிருந்து நான் மஞ்சள் கயிறுதான் கட்டியிருந்தேன். கல்யாண வீடுகளில் சேலைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொள்வேன். கேட்டவர்களிடம் தங்கம் ஒத்துக்கொள்ளவில்லை, தடிப்பு வருகிறது என்று சொல்வேன். என் அம்மாவிடமே அப்படித்தான் சொன்னேன். 2024 ஆகஸ்டில் மீதி 46,000 கட்டி ரசீதை நீட்டினேன். உள்ளேயிருந்து பிளாஸ்டிக் கவரைக் கொண்டுவந்து, முத்திரை பிரியாமல் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார்கள். மதிப்பீட்டாளர் தராசில் வைத்து, மொத்த எடை, நிகர எடை இரண்டையும் நாலு வருஷத்துக்கு முந்தைய சீட்டோடு ஒத்துப் பார்த்தார். கொக்கி ஓரத்தில் சிறு வளைவு, மகள் கைக்குழந்தையாக இருந்தபோது பிடித்து இழுத்தது. அது அப்படியே இருந்தது. அதைத் தடவிப் பார்த்ததும் கண் நிறைந்துவிட்டது. வாங்கி நேரே வீட்டுக்கு வந்து அத்தையிடம் கொடுத்தேன். அவர் மஞ்சள் தண்ணீரில் கழுவிச் சாமி படத்தடியில் வைத்துவிட்டு, "வெள்ளிக்கிழமை போட்டுக்க" என்றார்.

அடுத்த மாதமே இன்னொரு கேள்வி. கையில் மிஞ்சுகிற பணத்தை எல்லாம் வீட்டுக்கடனில் போட்டு முடித்துவிடலாமா, சேமிக்கலாமா? இவருக்கு இப்போது கடன் என்ற சொல்லே ஆகாது, முடித்துவிடலாம் என்றார். எனக்கு அதில் உடன்பாடில்லை. எழுபத்தைந்து எண்பது பைசா வட்டிக்கு இனி யாரும் நமக்கு இவ்வளவு பெரிய தொகை தரப் போவதில்லை. வீட்டுச் சுவரில் போட்ட பணத்தை அவசரத்துக்கு எடுக்கவும் முடியாது. கடைசியில் போனஸ் வீட்டுக்கடனுக்கு, மாதச் சேமிப்பு எங்களுக்கு என்று முடிவானது. முதலில் காப்பீடு எடுத்தோம். இவருக்கு ஐம்பது லட்சத்துக்கு, இறந்தால் மட்டும் குடும்பத்துக்குப் பணம் வரும் டேர்ம் பாலிசி. இவர் சம்பளம் 21,000-ஐத் தாண்டியதால் தொழிலாளர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான இஎஸ்ஐ இல்லை, அதனால் குடும்பத்துக்கு ஒரு மருத்துவக் காப்பீடு. செல்வமகள் 2,500 ஆனது. ஆர்டி 4,000. மூவாயிரத்துக்கு, ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்குகளில் போடும் நிஃப்டி இண்டெக்ஸ் ஃபண்டில் மாதா மாதம் கட்டும் எஸ்ஐபி. நாங்கள் தொடங்கிய செப்டம்பர் கடைசியில் சந்தை உச்சியில் இருந்தது, அப்புறம் ஐந்து மாதம் இறங்கிக்கொண்டே போனது. போட்டதைவிடக் குறைவாகக் காட்டிய மாதங்களில் இவர் தினமும் செல்போனைத் திறந்து பார்ப்பார். பதினைந்து வருஷத்துக்கு என்று போட்ட பணத்தைத் தினமும் பார்க்க வேண்டாம் என்று செயலியை அவர் போனிலிருந்து நீக்கினேன். அந்த இறக்கத்தில் தவணை ஒருமுறைகூட நிற்கவில்லை.

2025 ஆகஸ்ட் 27 முதல் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதும் திருப்பூரில் எல்லோர் வாயிலும் அதே பேச்சு. இவர் கம்பெனியில் ஆர்டர் நின்றது, ஓவர்டைம் போனது, இரண்டு மாதம் சம்பளம் பாதிதான் வந்தது. ஆர்டியில் ஒரு லட்சத்தை ஒட்டி இருந்தது. அதிலிருந்து 34,000 எடுத்து வீட்டுத் தவணையையும் பள்ளிக் கட்டணத்தையும் சமாளித்தோம். எஸ்ஐபியை மூன்று மாதம் நிறுத்தினோம், செல்வமகளை நிறுத்தவில்லை. பக்கத்து லைனில் இரண்டு வீடுகளில் நகை அடகுக்குப் போனது எனக்குத் தெரியும். அந்தப் பெண்களில் ஒருத்தி என்னிடம் வந்து, கார்டில் எடுக்கட்டுமா என்று கேட்டாள். உட்கார வைத்து, பழைய நோட்டின் முதல் பக்கத்தைக் காட்டினேன்.

அந்த நோட்டு முடிந்து இப்போது இரண்டாவது ஓடுகிறது. மாதம் பிறந்த முதல் ஞாயிறு இவர் எழுதுவார், நான் கூட்டுவேன், அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்பார். எடுத்த 34,000-இல் இன்னும் 19,000 திரும்பப் போட வேண்டியிருக்கிறது. போன மாதம் மகள் நோட்டைப் பிடுங்கித் தன் கணக்கை மட்டும் தானே எழுதுவேன் என்றாள். 'செல்வமகள் 2,500' என்று குண்டு குண்டாக எழுதி, பக்கத்தில் தேதியும் போட்டாள்.