முடிஞ்ச மாதிரிதாண்ணே

விளையாட்டுப் பக்கம் பார்ப்பவர்களிடம் ஒரு சின்னத் திருட்டுத்தனம் உண்டு. ஆட்டம் முடிவதற்கு முன்பே செய்தியை எழுதி, தலைப்பும் போட்டு வைத்துவிடுவோம். பக்கம் எத்தனை மணிக்குப் போகிறது என்பது ஆடுகிறவர்களுக்குத் தெரியாதே.

1999 மே 26 அன்று நான் டெஸ்க்கில் புதுசு. டான்டனில் இலங்கைக்கு எதிராக கங்குலி 183, டிராவிட் 145 அடித்திருந்தார்கள். பக்கம் முழுக்க அவர்கள்தான். பார்சிலோனாவில் நடந்த சாம்பியன்ஸ் லீக் கால்பந்து இறுதியாட்டத்துக்குக் கீழே சிங்கிள் காலம் கிடைத்தது, அதுவும் ஒரு விளம்பரம் வராமல் போனதால். நம் நேரப்படி நள்ளிரவு 12.15க்கு ஆட்டம் ஆரம்பம். ஆறாவது நிமிடத்திலேயே பாஸ்லர் ஃப்ரீ கிக்கில் கோல் போட்டு பேயர்ன் மியூனிக்கை முன்னால் கொண்டுபோய்விட்டார். மான்செஸ்டர் யுனைடெட்டில் ராய் கீனும் ஸ்கோல்ஸும் தடை காரணமாக ஆடவில்லை. பேயர்ன் அடித்த பந்து ஒருமுறை கம்பத்திலும் ஒருமுறை மேல்கம்பியிலும் பட்டுத் திரும்பியது. இரண்டு மணி நெருங்கியபோது ‘பேயர்ன் மியூனிக் சாம்பியன்’ என்று எழுதிக் கொடுத்தேன்.

பக்கம் போட்டுக்கொண்டிருந்த அண்ணன் திரும்பிப் பார்க்காமலே கேட்டார்: “முடிஞ்சிருச்சா தம்பி?”

“முடிஞ்ச மாதிரிதாண்ணே.”

பக்கம் கீழே போனது. டீ வாங்கிக்கொண்டு டிவி பக்கம் வந்தால், பெக்காம் கார்னர் அடிக்கிறார், ஷெரிங்கம் கோல். தொண்டையில் டீ இறங்குவதற்குள் இன்னொரு கார்னர். இந்தமுறை சோல்ஷயர் காலை நீட்டினார். 2-1. கோப்பை கொடுப்பதற்காக ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஏஃபாவின் தலைவர் யொஹான்சன், பேயர்ன் முன்னிலையில் இருக்கும்போதே இருக்கையை விட்டு இறங்கி வந்தாராம். மைதானத்துக்கு வந்து பார்த்தபோது முடிவு மாறியிருந்தது. அவருக்கே அந்தக் கதி என்று பிற்பாடு சொல்லிச் சமாளித்திருக்கிறேன். அன்றைக்கு அதெல்லாம் தோன்றவில்லை. மாடிப்படியில் செருப்பை விட்டுவிட்டு மெஷின் ரூமுக்கு ஓடினேன். நிறுத்தினார்கள், மாற்றினார்கள். அதற்குள் ஒரு கட்டு வண்டி ஏறிவிட்டது. அந்தப் பிரதிகளில் இன்றைக்கும் பேயர்ன்தான் சாம்பியன்.

சூடு கண்ட பூனையாக, அதே சாம்பியன்ஸ் லீக்கின் 2005 இஸ்தான்புல் இறுதியாட்டத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். இடைவேளையில் ஏசி மிலன் 3-0. பிறகு 54ஆவது நிமிடத்திலிருந்து 60க்குள் ஜெரார்டு, ஸ்மிட்சர், அலோன்சோ என்று லிவர்பூல் மூன்றையும் திருப்பிக் கொடுத்தது. அலோன்சோவின் பெனால்டியை டீடா தடுத்தும், திரும்பி வந்த பந்தை அவரே உள்ளே தள்ளினார். பெனால்டி ஷூட்அவுட்டில் ஷெவ்செங்கோவின் உதையை டூடெக் தடுத்து ஆட்டம் முடிந்தபோது எங்கள் பேப்பர் பாதி ஊருக்குப் போய்விட்டிருந்தது. அதில் ‘இடைவேளை வரை மிலன் 3-0’ என்று இருந்தது. பொய்யில்லைதான். மறுநாள் ஆசிரியர் அந்த வரியைச் சிவப்பு மையால் வட்டம் போட்டு என் மேஜையில் வைத்திருந்தார். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

லெ மான் 24 மணி நேர கார் பந்தயம் எங்கள் பக்கத்துக்குள் வந்ததற்குக் காரணம் நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக். 2012இல் அவர் அணி ஒட்டுமொத்தத்தில் ஆறாவதாக வந்தது. அதன்பிறகு வருஷா வருஷம் ஜூனில் அந்த வேலை என் தலையில். வசதியான பந்தயம் அது. அப்போதெல்லாம் நம் நேரப்படி சனி மாலை ஆறரைக்குக் கிளம்பி ஞாயிறு மாலை ஆறரைக்கு முடியும். பதற்றப்பட ஒன்றுமில்லை என்று நினைத்திருந்தேன்.

2016இல் டொயோட்டாவின் 5ஆம் எண் கார் முன்னால் போய்க்கொண்டிருந்தது. 1985 முதல் அங்கே வந்து போகும் கம்பெனி, அதுவரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. அன்றுவரை ஜப்பானிலிருந்து வென்ற ஒரே கம்பெனி மாஸ்டாதான், 1991இல். எனவே ஆறு மணிக்கே எழுதிவிட்டேன். காரை மாறி மாறி ஓட்டிய டேவிட்சன், புவெமி, நகாஜிமா, முதல் பட்டம், முப்பது வருஷக் காத்திருப்பு. நன்றாகவே வந்திருந்தது, சொல்லப்போனால்.

கடைசிக்கு முந்தைய சுற்றில் நகாஜிமாவின் கார் திணறியது. எல்லைக்கோட்டைத் தாண்டி, சொந்த அணியின் ஆட்கள் நிற்கிற சுவருக்கு எதிரிலேயே நின்றுபோனது. நீல் யானி ஓட்டிய போர்ஷே அதைக் கடந்து போனது. எஞ்சினில் டர்போவுக்கும் இன்டர்கூலருக்கும் நடுவே போகும் காற்றுக் குழாயில் ஒரு இணைப்பு பழுது என்று பிறகு சொன்னார்கள். 5,200 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய வண்டி! எப்படியோ மறுபடி உயிர் வந்து, மெல்ல மெல்லக் கடைசிச் சுற்றை முடித்தார். ஆனால் அந்தச் சுற்றை ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்பது விதி. ஆகவே முடிவுப் பட்டியலிலேயே அந்த காருக்கு இடமில்லை.

இந்தமுறை பக்கம் போகவில்லை. நிதானமாக போர்ஷேவை வைத்து எழுதிக் கொடுத்தேன். டொயோட்டா பற்றி எழுதிய ஃபைலை மட்டும் அழிக்க மனம் வரவில்லை.

2018 ஜூன் 17 மாலை. ஜெர்மனி-மெக்சிகோ உலகக் கோப்பை ஆட்டத்துக்காகப் பக்கத்தையே காலியாக வைத்திருந்தார்கள். லெ மானுக்கு நாலு வரி. டொயோட்டாவைக் கொண்டுவந்து கோட்டைத் தாண்டியவர் அதே நகாஜிமா. கொடி இறங்குகிறவரை கீபோர்டைத் தொடவில்லை. அப்புறம் பழைய ஃபைலைத் திறந்தேன். 5 இருந்த இடத்தில் 8 போட்டேன். டேவிட்சனை எடுத்துவிட்டு அலோன்சோ என்று அடித்தேன். இஸ்தான்புல்லில் கோல் போட்டவர் இல்லை, இவர் ஃபெர்னாண்டோ. தலைப்பில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியிருக்கவில்லை.