யூனியன் அவென்யூ, எண் 706

அமெரிக்காவின் மெம்பிஸ் நகருக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கிரேஸ்லேண்ட் மாளிகைக்குத்தான் முதலில் ஓடுகிறார்கள். நான் சன் ஸ்டூடியோ என்ற பாட்டுப் பதிவுக்கூடத்துக்குப் போனேன். ராக் அண்ட் ரோல் பாடகர் எல்விஸ் பிரெஸ்லி வாழ்ந்த அந்த மாளிகையை மறுநாள் பார்க்கலாம். அவர் குரல் முதன்முதலில் பதிவான இடத்தை உடனே பார்த்தாக வேண்டும் என்றிருந்தது.

யூனியன் அவென்யூ தெரு முனையில் சின்னச் செங்கல் கட்டடம், வெளியே தொங்கும் பெரிய கிடார். சாம் பிலிப்ஸ் 1950-ல் இதைத் தொடங்கியபோது கல்யாணம், கூட்டம் என்று எதையும் பதிவு செய்துகொடுத்திருக்கிறார். காசு கொடுத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வந்து பாடி, இசைத்தட்டாக வாங்கிக்கொண்டு போகலாம்.

1953 கோடையில் அப்படி வந்தவர்தான் 18 வயது எல்விஸ். ஏறக்குறைய 4 டாலர் கொடுத்து இரண்டு பாட்டுப் பாடினார். அம்மாவுக்குப் பரிசளிக்க வந்தார் என்பார்கள். தன் குரல் தட்டில் எப்படிக் கேட்கும் என்ற ஆசைதான் அவரை இழுத்து வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. முன்னறையில் இருந்த சாமின் உதவியாளர் மேரியன் கைஸ்கர், யாரைப் போலப் பாடுவாய் என்று கேட்டாராம். யாரைப் போலவும் இல்லை என்று பதில் வந்திருக்கிறது. எல்விஸ் பெயரை மறக்காமல் குறித்து வைத்தவர் இந்த மேரியன்தான். வரலாறு இவரை இன்னும் கொஞ்சம் பெரிய எழுத்தில் எழுதியிருக்க வேண்டும்.

அந்த முன்னறையைத் தாண்டினால் ஸ்டூடியோ. இவ்வளவு சின்னதாக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறை அளவுதான். சுவரிலும் கூரையிலும் துளைத்துளையான சதுரப் பலகைகள். கூரை தட்டையாக இல்லை. மடித்த காகிதம் போல ஏறி இறங்குகிறது. மெல்லக் கைதட்டிப் பார்த்தேன். சத்தம் சுற்றி அலையாமல் அங்கேயே அடங்கியது. தரையில் எல்விஸ் நின்ற இடம் என்று ஒரு பெருக்கல் குறி. பக்கத்தில் ஸ்டாண்டில் பழைய மைக்.

1954 ஜூலை 5, திங்கட்கிழமை இரவு. கிடாருக்கு ஸ்காட்டி மூர், பேஸ் என்ற பெரிய தந்தி வாத்தியத்துக்கு பில் பிளாக், நடுவில் 19 வயது எல்விஸ். டிரம்ஸ் கிடையாது. மெதுவான காதல் பாட்டுகளைப் பாடிப் பார்த்தார்கள். எதுவும் சரியாக வரவில்லை. ஓய்வு நேரத்தில் எல்விஸ் திடீரென்று கிடாரை அடித்துக்கொண்டு ஆர்தர் க்ரூடப் என்ற கறுப்பினக் கலைஞரின் பழைய ப்ளூஸ் பாட்டைக் குதித்துக் குதித்துப் பாட ஆரம்பித்தார். பில் சேர்ந்துகொண்டார். ஸ்காட்டியும் சேர்ந்துகொண்டார். பதிவறையிலிருந்து தலையை நீட்டிய சாம், என்ன செய்கிறீர்கள் என்று கேட்க, எங்களுக்கே தெரியவில்லை என்றார்கள். சரி, முதலிலிருந்து பாடுங்கள் என்று சாம் டேப்பை ஓடவிட்டார்.

'தட்ஸ் ஆல் ரைட்' பிறந்தது அப்படித்தான். இரண்டு நிமிடம்கூட ஓடாத பாட்டு. சாமின் காது அன்று விழித்திருக்காவிட்டால் மூன்று பேரும் இளைப்பாறி முடித்து, பழையபடி காதல் பாட்டுக்கே திரும்பியிருப்பார்கள். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிலிர்க்கிறது.

சில நாளில் மெம்பிஸ் வானொலி அறிவிப்பாளர் டூயி பிலிப்ஸ் அதை வானொலியில் போட்டார். போன் மேல் போன். திரும்பத் திரும்பப் போட்டார். அன்றிரவே எல்விஸை நிலையத்துக்கு வரவழைத்து, எந்தப் பள்ளியில் படித்தாய் என்று கேட்டார். ஹ்யூம்ஸ் என்று பதில் வந்ததும் கேட்டவர்களுக்குப் பாடியது வெள்ளைக்காரப் பையன் என்று புரிந்துவிட்டது. பள்ளிக்கூடம்கூட நிறம் பார்த்துப் பிரிந்து கிடந்த ஊர் அது. க்ரூடப்பின் பாட்டு அந்த நிறப் பிரிவினையைத் தாண்டிவிட்டது. ஆனால் அதற்குரிய ராயல்டி அவருக்குச் சரியாகப் போய்ச் சேரவேயில்லை. அந்த அறையில் நின்றபோது இது மனதை உறுத்திக்கொண்டே இருந்தது.

கடைசியில் வழிகாட்டிப் பெண் அந்தப் பாட்டைப் போட்டார். யாரும் பேசவில்லை. டிரம்ஸ் இல்லாத குறையை பில்லின் கை பேஸ் நரம்பைப் பலகையில் அறைந்து அறைந்து தீர்த்துவைப்பது, அந்தச் சுவர்களுக்குள் தனியாகக் கேட்டது. இத்தனை வருடம் ஹெட்போனில் கேட்டும் இதைக் கவனித்ததில்லை. முடிந்ததும் இன்னொரு தடவை போட முடியுமா என்று கேட்டேன். போட்டார்.