சர்க்கரைவள்ளி இலை: சோதனை நாட்குறிப்பு

ஜனவரி 17

சர்க்கரைவள்ளி இலைச் சாற்றில் பாலிபீனால் (செடியில் இருக்கும் ஆக்சிஜனேற்றத் தடுப்புப் பொருள்) எவ்வளவு, அது கிருமியைத் தடுக்குமா என்று பார்க்கும் சோதனை இது. பொங்கலுக்கு வந்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு வண்ணாரப்பேட்டை மார்க்கெட்டில் இன்னும் மலிவாகக் கிடைக்கிறது. இலைதான் கிடைப்பதில்லை, தோட்டத்திலேயே மாட்டுக்குப் போய்விடும். செங்குன்றம் தாண்டி ஒரு தோட்டத்திலிருந்து கொடி வந்தது. மணலி, எண்ணூர்ப் பக்கத்து இலை வேண்டாம் என்பது முன்பே முடிவு. அனல்மின் சாம்பலும் ஆலைக் கழிவும் கலந்த மண்ணில் வளரும் கீரையில் ஈயமும் காட்மியமும் ஏறக்கூடும். மேலே படிந்த தூசு கழுவினால் போகும், வேர் வழியாக ஏறியது போகாது. இலையைக் காயவைத்தால் தண்ணீர் மட்டும்தான் வெளியேறும், உலோகம் முழுவதும் பொடியில் தங்கிவிடும்.

கால்வாய்க் கரைகளில் நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே ஐபோமியா பேரினம். இலை இதய வடிவம், கிள்ளினால் பால் வரும். ஆடு தொடர்ந்து தின்றால் நரம்பைப் பாதிக்கும் நச்சுச் செடி அது. அதன் தண்டு கட்டையாக நிமிர்ந்து நிற்கும். சர்க்கரைவள்ளி தரையோடு ஓடிக் கணுவில் வேர்விடும். கிழங்கோடு பிடுங்கிய கொடியை மட்டும் வாங்கினால் குழப்பமே இல்லை.

ஜனவரி 18

இளந்தளிரும் முற்றிய இலையும் தனித்தனியே. இரண்டையும் கலந்து அரைத்தால் வரும் எண் எதற்கும் உதவாது. கழுவி, ஈரம் ஒற்றி, 40 டிகிரி சூட்டடுப்பில் ஒற்றை அடுக்காகப் பரப்பியாயிற்று. கடற்காற்று ஈரத்தில் நிழலுலர்த்தல் இழுத்துக்கொண்டே போகும். அதற்குள் இலையின் நொதி பாலிபீனாலைத் தின்று இலையைப் பழுப்பாக்கிவிடும், பூஞ்சையும் பிடிக்கும். பழுத்த இலையையும் கசங்கிய இலையையும் தூக்கிப் போடுவது நல்லது.

ஜனவரி 22

பொடி 10 கிராம், 70 சதவீத எத்தனால் 100 மில்லி. மூடிய குடுவையில் ஒரு நாள் குலுக்கி, வடிதாளில் வடித்து, 40 டிகிரிக்கு மேல் போகாமல் ஆவியாக்க வேண்டும். அடுப்பில் நேரடியாக வைக்கவே கூடாது, எத்தனால் ஆவி தீப்பிடிக்கும். வீட்டில் யாரும் எத்தனாலில் குடிப்பதில்லை என்பதால் வெந்நீர்ச் சாறும் தனியே எடுத்தோம். கஷாயத்தைப் பற்றிப் பேச அந்தச் சாறுதான் வேண்டும்.

பீனால் இருந்தால் நிறம் மாறும் ஃபெரிக் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டு விட்டதும் இரண்டு சாறும் கரும்பச்சை. பீனால் இருக்கிறது என்பதற்கு மேல் இந்த நிறம் எதையும் சொல்லாது.

ஜனவரி 24

டிபிபிஎச் என்ற ஊதா நிறப் பொருளை வைத்துச் சோதனை. 100 மில்லி மெத்தனாலில் 3.9 மில்லிகிராம் கரைத்தால் 0.1 மில்லிமோலார். அதில் 2 மில்லி, சாறு 1 மில்லி, இருட்டில் 30 நிமிடம், பிறகு 517 நானோமீட்டர் ஒளியை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று அளவு. ஊதா வெளிறினால் சாறு தனி உறுப்புகளை (ஃப்ரீ ராடிக்கல், இணையில்லா எலக்ட்ரான் கொண்ட மூலக்கூறு) அடக்குகிறது என்று பொருள். ஒப்பிட அஸ்கார்பிக் அமிலம் (வைட்டமின் சி).

பலரும் தவறுவது இங்கேதான். சாறே பச்சை. அந்தப் பச்சையும் ஒளியை உறிஞ்சும், ஆகவே உண்மையான திறன் குறைவாகத் தெரியும். ஒவ்வொரு செறிவுக்கும் டிபிபிஎச் சேர்க்காத சாறை மெத்தனாலில் வைத்து அளந்து கழித்தாக வேண்டும்.

ஃபோலின் என்ற, பாலிபீனால் பட்டால் நீலமாகும் கரைசலை வைத்துச் செய்யும் சோதனையில் வரிசை முக்கியம்: சாறு 0.5 மில்லி, பத்து மடங்கு நீர்த்த ஃபோலின் 2.5 மில்லி, ஐந்து நிமிடம் கழித்து 7.5 சதவீத சோடியம் கார்பனேட் 2 மில்லி. கார்பனேட்டை முதலில் ஊற்றினால், காரத்தில் ஃபோலின் வேலை செய்வதற்குள் சிதைந்துவிடும். வைட்டமின் சி-யும் இதில் நீலம் காட்டும், எனவே நீலம் முழுவதையும் பாலிபீனால் கணக்கில் எழுதக் கூடாது.

ஜனவரி 29

கிருமிச் சோதனை ஆய்வகத்தில் மட்டும், வீட்டுச் சமையலறையில் ஒருபோதும் வேண்டாம். கிருமி வளர்க்கும் முல்லர் ஹிண்டன் அகர் 4 மில்லிமீட்டர் தடிமன், சாறில் நனைத்த 6 மில்லிமீட்டர் காகித வட்டு, 37 டிகிரியில் 18 மணி நேரம். அகர் மெலிந்தால் வட்டைச் சுற்றிக் கிருமி வளராத வளையம் பொய்யாகப் பெரிதாகும். கரைப்பான் மட்டும் நனைத்த வட்டு பக்கத்தில் இல்லாவிட்டால், எத்தனால் கொன்ற கிருமியை இலை கொன்றதாக எழுதிவிடுவோம்.

ஜனவரி 31

டெங்குவுக்கு இந்த இலைக் கஷாயம் குடிப்பது பிலிப்பைன்ஸில் வழக்கம். இங்கும் மழைக்காலத்தில் பப்பாளி இலையைத் தேடுகிறோம். குவெட்டில் (ஒளி அளக்கும் சிறு குப்பி) ஊதா வெளிறுவது, டெங்குவில் குறையும் இரத்தத் தட்டணுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லாது. காய்ச்சல் என்றால் முதலில் இரத்தப் பரிசோதனை, மருத்துவர்.

கீரையாகச் சாப்பிட நல்ல இலை, லூட்டின் என்ற நிறமி நிறைய. இரண்டு நிமிடம் கொதிக்கவிட்டு அந்தத் தண்ணீரைக் கொட்டினால் கரையும் ஆக்சலேட் (சிறுநீரகக் கல் உண்டாக்கக்கூடிய பொருள்) குறையும். சிறுநீரகக் கல் உள்ளவர்கள் அப்படியும் அளவோடுதான் சாப்பிட வேண்டும். இரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரிடம் சொல்லாமல் தினமும் சேர்க்க வேண்டாம்: இதில் வைட்டமின் கே அதிகம், மாத்திரையின் வேலையை அது குறைக்கும்.