கிழவி நின்ற இடம்

ஜனவரி 21

பூ வந்துவிட்டது. பண்ருட்டிப் பக்கத்துச் செம்மண்ணில் தை பிறந்தால் போதும், முந்திரித் தோப்பு முழுக்க ஒரு இனிப்பு வாடை. எங்கள் இரண்டு ஏக்கரில் 160 மரம். விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தின் வி.ஆர்.ஐ.-3 ஒட்டு ரகம், 7 மீட்டருக்கு ஒன்றாகக் கயிறு பிடித்து நட்டவை. அதற்கு முன் இருந்ததெல்லாம் அப்பா காலத்து விதைமரங்கள். 2011 டிசம்பர் 30 காலையில் தானே புயல் அவற்றை வேரோடு புரட்டிப் போட்டது. வேலியோரம் ஒன்று மட்டும் தப்பியது. அம்மா அதைக் கிழவி என்பாள்.

பிப்ரவரி 9

நாலு நாளாக மூட்டம். கிழக்குப் பக்கம் பூங்கொத்தெல்லாம் கருகிக் கிடக்கிறது. "பனிடா" என்றாள் அம்மா. அப்பாவும் ஆயுசு முழுக்கப் பனியைத்தான் திட்டினார். துளிரைத் திருப்பிப் பார்த்தேன்: கரும்புள்ளி, பக்கத்தில் பிசின் துளி. தேயிலைக் கொசு. பெயர்தான் கொசு, அது சாறு உறிஞ்சுகிற நாவாய்ப்பூச்சி. துளிரில் ஒரு தடவை, பூவில் ஒரு தடவை, பிஞ்சில் ஒரு தடவை மருந்தடிக்க வேண்டும். துளிர் விட்டபோது நான் கல்யாண வேலையென்று சென்னையில் இருந்தேன். பனி என்ன செய்யும், பாவம்.

பிப்ரவரி 10

தேனீ அடங்கியபின் சாயங்காலம் அடித்தோம். செலவை எழுதவில்லை.

மார்ச் 17

மரத்தடிச் சருகைக் கூட்டி ஒதுக்கினோம். இல்லாவிட்டால் விழுகிற கொட்டை கண்ணுக்குத் தெரியாது.

ஏப்ரல் 6

பொறுக்க ஆரம்பித்து இரண்டு வாரம். பழம் தானாக விழ வேண்டும். முன்கூட்டி உலுக்கினால் பருப்பு சுருங்கிப்போகும். ஆனால் விழும்வரை காத்திருந்தால் ராத்திரி வேறு யாராவது பொறுக்கிவிடுகிறார்கள்! பக்கத்துத் தோப்பில் கழி வைத்துத் தட்டுகிறார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியவில்லை. ஊர்ப் பிள்ளைகள் ஒரு கை கொட்டை கொடுத்து ஐஸ் வாங்குகிறார்கள். நானும் அப்படித் தின்றவன்தான், அதனால் விரட்டுவதில்லை.

கொட்டையைத் திருகி எடுத்தபின் பழம் குவிந்து கிடந்து நொதிக்கிறது. சட்டையில் பட்ட கறை போகாது.

ஏப்ரல் 27

மூன்று நாள் வெயிலில் காய்ந்த கொட்டை கையில் குலுக்கினால் கலகலவென்று பேச வேண்டும். பேசியது. வியாபாரி காதில் மட்டும் விழவில்லை. ஈரம் என்று சொல்லி மூட்டைக்கு இரண்டு கிலோ கழித்தார். தூத்துக்குடியில் ஆப்பிரிக்கக் கொட்டை இறங்கியிருக்கிறதாம், விலையும் இறக்கம். உடைக்கிற ஆலைகளுக்கு நம் விளைச்சல் எந்த மூலைக்கு? போன வருஷம் 80 கிலோ மூட்டையில் ஒன்பது. இந்த வருஷம் ஆறரை. கிழக்குப் பக்கத்து இரண்டரை மூட்டையை நான் கல்யாணத்துக்கு மொய் வைத்தேன் என்கிறாள் அம்மா.

மே 11

கிழவியின் இலை மஞ்சளாகிறது. அடிமரத்தில் துளை, துளையில் பிசினும் மரத்தூளும். தண்டுத் துளைப்பான். கத்தியால் பட்டையைச் சீவச் சீவ, விரல் தடிமனில் ஒன்பது புழு. ஆரம்பத்திலேயே பார்த்திருந்தால் காப்பாற்றலாம். இப்போது சுற்றுப்பட்டையில் பாதிக்குமேல் போய்விட்டது. விட்டுவைத்தால் வண்டாகி அடுத்த மரத்துக்குப் போகும். வெட்ட வேண்டும் என்றேன். அம்மா பதில் சொல்லாமல் கிழவிக்கடியில் கடைசிக் கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். அதைத் தனியாக ஒரு பையில்.

ஜூன் 2

வெட்டினோம். வேரையும் தோண்டி எடுத்தாயிற்று. கட்டையை விறகுக்குக் கேட்டார்கள், கொடுக்காமல் அங்கேயே எரித்தேன். அம்மா தோப்புக்கு வரவில்லை.

ஆகஸ்ட் 18

மழை பெய்து மண் இளகியது. கிழவி நின்ற இடத்துக்குக் கொஞ்சம் தள்ளிக் குழி எடுத்து ஓர் ஒட்டுக்கன்று வைத்தேன். ஒட்டுக்குக் கீழே துளிர்ப்பதை ஒடித்துவிட வேண்டும், முதல் இரண்டு வருஷம் பூவையும் கிள்ளிவிட வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"பூவை நீயே கிள்ளிக்கோ" என்று சொல்லிவிட்டு, பையிலிருந்த கொட்டையில் நாலைந்தை எடுத்து வேலியோரம் விரலால் குழி பறித்து ஊன்றினாள்.

விதைமரம் காய்க்க வருஷமாகும் என்று நான் சொல்லவில்லை. அவளுக்குத் தெரியாதா என்ன.