நின்றாலும் செலவு, ஓடினாலும் செலவு

கோயம்புத்தூரில் ஒருவன் கார் வாங்கினால், பார்க்க வருகிறவர்கள் வண்டியின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் கேட்பது ஒன்றுதான்: "லிட்டருக்கு எவ்வளவு கொடுக்கிறது?" ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் நான் கூரை திறக்கும் பழைய பிஎம்டபிள்யூ எம்4 காப்ரியோ ஒன்றை வாங்கி நிறுத்தியபோது, மேல்மாடியில் குடியிருக்கும் பாட்டி முதலில் பார்த்தது எண்பலகையின் வலது ஓரத்தை. அங்கே மேலே 04, கீழே 10 என்று சின்ன எண்கள் அச்சாகியிருந்ததைக் கண்டதும், "நல்லது, புத்தியோடு வாங்கியிருக்கிறீர்கள்" என்றார். சிக்கனத்துக்குப் பெயர்போனவர்கள் இந்த வட்டாரத்து ஸ்வாபியர்கள். 431 குதிரைத்திறன் கொண்ட அந்த வண்டிக்கு எங்கள் கட்டடத்தில் கிடைத்த ஒரே பாராட்டு அதுதான்.

அந்த எண்கள் மாதங்களைக் குறிப்பவை. ஏப்ரல் முதல் தேதியிலிருந்து அக்டோபர் கடைசி வரை மட்டுமே இந்தக் கார் சாலையில் இருக்கலாம். வரியும் காப்பீடும் அந்த ஏழு மாதங்களுக்குத்தான். கூரை திறக்கும் கார் வைத்திருக்கும் ஜெர்மானியர்கள் பலர் இந்தப் பருவகால எண்பலகையைத்தான் வாங்குகிறார்கள். பனிக்கால டயர் ஒரு செட் வாங்கும் செலவும் மிச்சம். இன்னும் சில மாதங்களைக் குறைக்கலாமே என்று கேட்டால் அதற்கும் ஒரு கணக்கு இருக்கிறது. விபத்தில்லாமல் ஓட்டியதற்கான சலுகைப் படியில் அடுத்த ஆண்டு ஏற வேண்டுமானால், ஆண்டில் குறைந்தது ஆறு மாதமாவது காப்பீடு நடப்பில் இருக்க வேண்டும்.

முதலில் பெட்ரோலைப் பார்த்துவிடலாம், அப்பா தொலைபேசியில் விடாமல் கேட்பது அதைத்தானே. இங்கே கணக்கைத் தலைகீழாகப் போடுகிறார்கள்: நூறு கிலோமீட்டர் ஓட எத்தனை லிட்டர் குடிக்கிறது என்று. இரட்டை கிளட்ச் கியர்பெட்டி உள்ள என் வண்டிக்கு, பழைய ஐரோப்பியச் சோதனை முறைப்படி நிறுவனம் சொன்ன அளவு 8.7 லிட்டர். நம் ஊர்க் கணக்கில் லிட்டருக்குப் பதினொன்றரை கிலோமீட்டர். பள்ளத்தில் இருக்கும் நகர மையத்திலிருந்து நோயே வைன்ஸ்டைகே சாலையில் டெகர்லோக் மேட்டுக்கு வரிசையில் ஊர்ந்து ஏறும் நாளில் அந்த எண்ணை யாரும் நம்ப மாட்டார்கள். திரையில் 14, 15 என்று காட்டும். கூரை மூன்று துண்டு இரும்பு. அதை மடக்கும் மோட்டார்களும், உடலை இறுக்கும் கூடுதல் தண்டுகளும் சேர்ந்து, இதே காரின் மூடிய வகையைவிடச் சுமார் 250 கிலோ கூடுதல் எடை. மேட்டில் அத்தனையையும் பெட்ரோல்தான் தூக்க வேண்டும்.

ஆட்டோபான் என்கிற விரைவுச்சாலையில் கதை மாறுகிறது. வேகக் கட்டுப்பாடு இல்லாத பகுதிகளிலும் மணிக்கு 130 கிலோமீட்டர் என்பது அரசின் பரிந்துரை. மீறினால் அபராதம் இல்லை. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிப் பெருக்கில் கூடுவதால், 130-லிருந்து 200-க்குப் போகும்போது காற்று இரண்டு மடங்குக்கும் மேலாக எதிர்த்துத் தள்ளும். ஒருமுறை அதிகாலையில் காலியான சாலையில் போய்ப் பார்த்தேன். திரையில் 20 லிட்டரைத் தாண்டிக்கொண்டிருந்தது. தொட்டியின் கொள்ளளவு 60 லிட்டர். அப்படியே ஓட்டினால் முந்நூறு கிலோமீட்டருக்குள் மறுபடியும் பெட்ரோல் நிலையத்தில் வரிசையில் நிற்க வேண்டும். அதுவும் ஆட்டோபான் ஓரத்து நிலையம் என்றால் விலை கூடுதல். வேகத்தில் மிச்சம் பிடித்த நேரத்தை அங்கே செலவழிக்கலாம்.

ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்குக் குடும்பத்தோடு போன பயணம் நேர்மாறு. ஈழத்தமிழர்கள் கட்டி, 2002-இல் குடமுழுக்கு நடந்த கோயில் அது. எங்கள் வீட்டிலிருந்து நானூறு கிலோமீட்டருக்கு மேல். மகள் பின்சீட்டில் தூங்கியதால் கூரையை மூடி, 120-இல் நிலையாக ஓட்டினேன். போய்ச் சேர்ந்தபோது சராசரி 8.9. வழியில் பெட்ரோலே போடவில்லை. அப்பாவிடம் அந்த எண்ணை மட்டும்தான் சொன்னேன்.

ஆண்டுக்கு ஏழாயிரம் கிலோமீட்டர், சராசரி பதினொன்றரை லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 800 லிட்டர். இந்த எஞ்சினுக்குப் பரிந்துரைக்கப்படுவது 98 ஆக்டேன் கொண்ட சூப்பர் பிளஸ் பெட்ரோல். லிட்டர் 1.90 யூரோ என்று போட்டால் சுமார் 1,500 யூரோ. பயந்த அளவுக்கு இல்லை. யானையைக் கட்டித் தீனி போடுவது என்பார்களே, இந்த யானை நடக்கும்போது தின்பதைவிடக் கொட்டிலில் படுத்துக்கொண்டு தின்பதுதான் அதிகம்.

கொட்டில் என்று சும்மா சொல்லவில்லை. நவம்பர் பிறந்தபின் பருவகால எண்பலகை வண்டி பொதுச் சாலையோரத்தில் நிற்கக்கூடக் கூடாது. நிலத்தடி நிறுத்துமிடத்துக்கு மாதம் 110 யூரோ கொடுக்கிறேன், ஆண்டுக்கு 1,320. காப்பீடு அதையும் தாண்டுகிறது. ஒவ்வொரு கார் வகைக்கும் அதன் விபத்து வரலாற்றை வைத்து ஒரு வகுப்பு, குடியிருக்கும் வட்டாரத்துக்கு ஒரு வகுப்பு, இவற்றுக்கு மேல் ஓட்டுபவரின் சலுகைப் படி. இந்தியாவில் பத்து ஆண்டுகள் கீறல் விழாமல் ஓட்டியதாகச் சான்றிதழ் கொடுத்தேன். நிறுவனம் அதைப் பணிவாகத் திருப்பி அனுப்பியது. இந்திய உரிமத்துக்கே இங்கே ஆறு மாதம்தான் ஆயுள். பிறகு எழுத்துத் தேர்வும் ஓட்டுநர் தேர்வும் மறுபடி எழுத வேண்டும். நாற்பது வயதிலும் காகிதத்தில் நான் பதினெட்டு வயதுப் பையன்தான்.

சொந்தச் சேதத்துக்கான முழுக் காப்பீட்டை விட்டுவிடலாமா என்று அலுவலகத்தில் கேட்டேன். ஆலங்கட்டி, திருட்டு போன்றவற்றுக்கான பகுதிக் காப்பீட்டையாவது விடாதே என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். 2013 ஜூலையில் பக்கத்து ராய்ட்லிங்கனில் பெய்த ஆலங்கட்டி மழையை இந்த வட்டாரம் இன்னும் மறக்கவில்லை. கடைசியில் முழுக் காப்பீட்டையே வைத்துக்கொண்டேன்.

வரி ஒன்றும் பெரிதில்லை. மூன்று லிட்டர் எஞ்சினுக்கு 60 யூரோ, 95 கிராமைத் தாண்டும் ஒவ்வொரு கிராம் கரியமில வாயுவுக்கும் 2 யூரோ. என் வண்டி 203 கிராம். மொத்தம் 276, ஏழு மாதத்துக்குச் சுமார் 160. டயர்தான் கடிக்கிறது. பின்டயர் முன்டயரைவிட அகலம் என்பதால் முன்னும் பின்னும் மாற்றிப் போட்டுத் தேய்மானத்தைச் சமன் செய்ய வழியில்லை. பின்னிரண்டும் முதலில் தேய்கின்றன.

பணத்தில் வராத ஒரு செலவும் உண்டு. கூரை மூடியிருந்தால் டிக்கியில் 370 லிட்டர் இடம். திறந்தால் மடிந்த இரும்பு உள்ளே வந்து உட்கார்ந்து 220 ஆகிவிடும். யாழ்ப்பாணத்து அண்ணா ஒருவரின் கடைக்கு வெயில் நாளில் கூரை திறந்தபடி போனேன். இருபது கிலோ பொன்னி அரிசியைத் தோளில் தூக்கி வந்தவர் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, இதுக்குள்ளே மூட்டையை எங்கே வைப்பது?" என்றார். மூட்டை முன்சீட்டில் உட்கார்ந்தது. இருக்கைவாரை மாட்டச் சொல்லி வண்டி வீடுவரை பீப் அடித்துக்கொண்டே வந்தது.

மதுரையிலிருந்து புதிதாக வந்து சேர்ந்த சகப் பணியாளர் ஒருவருக்கும் இப்போது இந்த ஆசை பிடித்திருக்கிறது. வண்டியைப் பார்க்கப் போவதற்கு முன், விற்பவரிடம் பதிவுச் சான்றிதழில் 2.1, 2.2 என்று எண்ணிட்ட கட்டங்களில் இருக்கும், கார் வகையைக் காட்டும் குறியீடுகளைக் கேட்டு வாங்குங்கள் என்றேன். அதை வைத்தே காப்பீட்டுத் தொகையைக் கணக்கிட்டுவிடலாம். முதலில் ஒரு சின்னக் காரைச் சொந்தப் பெயரில் சில ஆண்டுகள் ஓட்டுவதும் நல்லது. இரண்டாவது கார் என்று பதிந்தால் பல நிறுவனங்கள் கொஞ்சம் மேலான படியிலிருந்து தொடங்க விடுகின்றன. நானும் மூன்று ஆண்டுகள் பழைய போலோவை ஓட்டிவிட்டுத்தான் இதற்கு வந்தேன். மறுநாள் அவர் தொகையைப் பார்த்துவிட்டு வந்தார். கார் பற்றி எதுவும் பேசவில்லை. அடுத்த தேருக்கு ஹம் போகும்போது பின்சீட்டில் ஓர் இடம் இருக்குமா என்று மட்டும் கேட்டார். இருக்கிறது, ஆனால் முழங்காலை மடக்கிக்கொண்டுதான் உட்கார வேண்டியிருக்கும் என்று சொல்லியிருக்கிறேன்.