ப்லோவ்டிவ்: சாலைக்குத் தோண்டிய இடத்தில் நூறு பறவைகள்

முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன். பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து ப்லோவ்டிவுக்கு வந்த பேருந்தில் ஏசி ஓடவில்லை. சன்னலும் திறக்க முடியாத வகை. இரண்டு மணி நேரம் வெந்து இறங்கினால் நிலைய வாசலில் ஒரு டாக்சி. பெட்டிகள் இல்லையென்றால் நடந்தே போயிருக்கலாம், அவ்வளவு கிட்டம். இறங்கும்போது 20 யூரோ கேட்டார். நம்ம பணத்தில் 2,000 ரூபாய்க்கு மேல்! வாய்ச்சண்டை போட்டுப் பார்த்துவிட்டுக் கொடுத்தோம். அன்றிரவு சாப்பாட்டுக்கு ஒதுக்கியிருந்த பணம் அது. பல்கேரியாவில் டாக்சியின் கண்ணாடியிலேயே கிலோமீட்டருக்கு என்ன கட்டணம் என்று ஒட்டியிருப்பார்கள். அதைப் படிக்காமல் ஏறாதீர்கள்.

எப்படிப் போவது, எங்கே தங்குவது, எவ்வளவு ஆகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் இங்கே பார்த்த ஒரு பழங்காலத் தரையைப் பற்றிச் சொல்லாமல் வேறெதையும் எழுத மனசு வரவில்லை.

ப்லோவ்டிவின் பழைய பெயர் பிலிப்போபோலிஸ். அலெக்சாண்டரின் அப்பா இரண்டாம் பிலிப் கி.மு. 342இல் பிடித்துத் தன் பெயரை வைத்த ஊர். பிறகு ரோமர்கள் அரங்கும் மைதானமும் கட்டி வளர்த்தார்கள். இன்றைய ஊர் அதன் தலைமேலேயே உட்கார்ந்திருக்கிறது. 1980களில் அகலமான சாலைகளுக்கும் சுரங்கப்பாதைகளுக்கும் தோண்டத் தொடங்கியபோது ரோம நகரம் துண்டு துண்டாக வெளியே வந்தது. 1982இல் மரியா லூயிசா சாலையில் சுரங்கப்பாதை வேலை நடந்த இடத்தில் தட்டுப்பட்டது ஒரு பேராலயத்தின் தரை. தொல்லியலாளர் எலேனா கெசியாகோவா தலைமையில் அகழாய்வு செய்தார்கள். நீளம் மட்டும் 80 மீட்டருக்கு மேல். அதில் ஏறத்தாழ 2,000 சதுர மீட்டருக்கு மொசைக், அதாவது சின்னச் சின்னக் கற்களைப் பதித்துச் செய்த ஓவியம்!

அதன்பின் நடந்ததுதான் எனக்கு ஆறவில்லை. சாலை முடிந்தது, தரை மட்டும் முப்பது வருடத்துக்கும் மேல் காத்துக் கிடந்தது. அகழாய்வு மறுபடி தொடங்கி, மொசைக்கைப் பெயர்த்தெடுத்துச் சீர்செய்து, பழைய இடத்திலேயே பதித்து, மேலே கட்டடம் எழுப்பி 2021இல்தான் மக்களுக்குத் திறந்தார்கள். தோண்டுவதற்கு இருக்கும் அவசரம் காப்பாற்றுவதற்கு எந்த ஊரிலும் இருப்பதில்லை.

உள்ளே போனதும் நான் பேச்சை நிறுத்திவிட்டேன். கி.பி. 4, 5ஆம் நூற்றாண்டுகளில் பொடிப்பொடிக் கற்களை ஒவ்வொன்றாகப் பதித்துப் பறவைகள் செய்திருக்கிறார்கள், நூற்றுக்கும் மேல். நடுவில் தோகை விரித்த மயில். ஒரு பறவை மாதிரி இன்னொன்று இல்லை. கழுத்தைத் திருப்பும் விதமே வேறு வேறு. மொசைக்கும் ஒரே அடுக்கல்ல, பழைய தரைமேல் புதிய தரை போட்டிருக்கிறார்கள். அதற்கும் மேல் இடைக்காலத்தில் ஊர்க்காரர்கள் கல்லறைகள் வைத்திருக்கிறார்கள். அத்தனைக்கும் மேல் நம் காலத்துச் சாலை. டிக்கெட் விலையைப் பார்த்து வாசலிலேயே தயங்கினோம். டாக்சிக்குக் கொடுத்ததை நினைத்து இன்னும் வயிறு எரிந்தது. ஆனால் இந்தக் காசுக்கு எனக்குக் கொஞ்சமும் வருத்தமில்லை. ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்தாவது போங்கள்.

மதியம் களிமண் சட்டியில் பாப் சோர்பா. வெறும் பீன்ஸ் சூப்தான், ஆனால் புதினா வாசம் தூக்கியது! கூடவே ரொட்டி. இருவருக்கும் வயிறு நிறைந்தது, பர்ஸும் பிழைத்தது.

அப்புறம் தொல்லியல் சுரங்கப்பாதை. மூன்றாம் போரிஸ் சாலைக்கு அடியில், ஜனங்கள் சாலையைக் கடக்கும் வழியிலேயே ரோமத் தெருவின் கற்கள் கிடக்கின்றன. பக்கத்தில் ஒரு பணக்கார வீட்டின் தரை. அதில் ஒரு பெண் முகம், மேலே கிரேக்க எழுத்தில் ஐரீனி, அமைதி என்று பொருள். பேராலயத்தைவிட இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்தது. பெட்டிக்குள் வைக்கவில்லை, ஊரைவிட்டு எடுத்துப் போகவில்லை. நான் நின்ற அரை மணி நேரத்தில் காய்கறிப் பையோடு ஒரு பாட்டி, புத்தகப் பையோடு பள்ளிப் பிள்ளைகள் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போனார்கள். சாலை போடுகிற எந்த ஊரும் இப்படிச் செய்யலாம், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

கடைவீதிக்குக் கீழே 240 மீட்டர் நீள ரோம விளையாட்டரங்கம் இருக்கிறது. அதன் வளைந்த முனை மட்டும் ஜுமாயா சதுக்கத்தில் திறந்து தெரிகிறது. மேலே நின்று இலவசமாகப் பார்த்தோம். மலைச்சரிவில் இருக்கும் ரோம நாடக அரங்குக்குப் போனபோது சாயங்காலமாகிவிட்டது. 1970களில் மீட்டெடுத்த அந்த அரங்கில் இன்றும் நிகழ்ச்சிகள் நடக்கின்றன. கல்படியில் உட்கார்ந்தால் தூரத்து மலையும் கீழே ஓடும் கார்களும் ஒன்றாகத் தெரிகின்றன. அந்தச் சாலை பழைய ஊருக்கு அடியில் குகைவழியாக நுழைகிறது.

பேருந்து நிலையத்துக்குத் திரும்பும்போது பெட்டிகளை இழுத்துக்கொண்டு நடந்தே போனோம். கணக்குப் பட்டியலை அடுத்த பதிவில் போடுகிறேன்.